விண் கூவாத தை மாதம்

காற்றினைப் படைத்துக் கடலினை வகுத்துக்
கூற்றினை வென்று குழந்தையர் தம்மை
மடியிடை ஏற்கும் மாபெருங் கருணை
அடியிணை தொழுதே அறைகுவன் இதுவே.

இதனை எழுத அமர்ந்திருக்கும் இந்நாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஊர்ப் பஞ்சாங்கத்தின்படி கார்த்திகை விளக்கீடும் இன்றே. என் மேசையில் ஒரு மெழுகுதிரி எரிகிறது. வெளியே அயலவர் வாசற் படலைதோறும் சிட்டி விளக்குகள் எரிகின்றன. துக்கமான ஒன்றைச் சொல்ல இத்தனை நல்ல நாளைத் தேர்ந்தது ஏனென்று கேட்பீர்களாயின், மற்ற நாள்களில் எனக்கு அந்தத் துணிவு வருவதில்லை.

எழுபதுகளின் முற்பகுதியில் நான் கொக்குவிலில் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். என் ஒரே தங்கை பருத்தித்துறையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கணவர் தபாற்கந்தோரில் எழுதுவினைஞர். மகனுக்கு வயது பதினொன்று, மகளுக்கு ஏழு. நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அவர்கள் குடியிருந்த ஒழுங்கை என்ற ஒடுங்கிய கடலோரத் தெருவில் மற்றவர் அனைவரும் கடலோடிகளான சைவர்கள். பொங்கலன்று நான்கு வீட்டுப் பொங்கல் தங்கையின் குசினிக்கு வரும். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அவள் செய்யும் பலகாரம் அந்த நான்கு வீட்டுக்கும் போகும். சனிதோறும் பேருந்தேறி நான் அங்கு போவது வழக்கம்.

மார்கழி பிறந்து வாடைக் காற்று நிலைத்துவிட்டால் அந்தக் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு நிலத்தில் வேலை இல்லை. பட்டங்கள் ஏறும். வெறும் பட்டத்தை அங்கே யாரும் மதிப்பதில்லை; விண் பூட்டிய பட்டமே பட்டம். வில்லாக வளைத்த மூங்கிற் சலாகையின் இரு முனைகளுக்கும் நடுவே மெல்லிய நார்ப்பட்டியை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பூட்டுவார்கள். காற்று அந்த நாரில் பட்டதும் அது கூவத் தொடங்கும். ஒழுங்கை முழுவதும் கேட்கும் அந்தக் கூவலை 'விண் கூவுது' என்பார்கள். எவருடைய விண் எந்தக் குரலில் கூவும் என்பது தாய்மார்க்கும் தெரியும். பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதைக் குசினியிலிருந்தபடியே அறிந்துகொள்வார்கள்.

என் மைத்துனர் அதற்கு ஓராண்டு முன்பிருந்து ஒரு செபவீட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தார். எங்கள் பழைய கோயிலின் பாடல்களும் ஒழுங்கும் அவருக்குக் குளிர்ந்துபோனவையாகத் தோன்றின. செபவீட்டார் ஒழுக்கமுள்ள மனிதர்கள். குடிக்கமாட்டார்கள், பொய் சொல்லமாட்டார்கள், நோயுற்றவர் வீட்டுக்கு முதலில் வருபவர்கள் அவர்களே. ஆயினும் பிள்ளைகளின் விளையாட்டு ஒவ்வொன்றிலும் அவர்கள் ஒரு கண்ணியைக் கண்டார்கள். வேதாளமும் முகமூடி மனிதரும் வரும் படக்கதைப் புத்தகங்கள் முதலில் வீட்டைவிட்டுப் போயின. பிறகு வானொலியின் சிறுவர் நிகழ்ச்சி. பிறகு முகத்தில் கரி பூசி ஆடும் ஆட்டங்கள். கடைசியாக விண். வானத்தில் தீய ஆவிகளின் ஆளுகை உண்டென்று அப்போஸ்தலர் எழுதியிருக்கிறார். அந்த வானத்துக்கு ஒரு குரல் கொடுத்து ஊரின் மேல் கட்டிவைப்பது எத்தகைய செயல் என்று செபவீட்டு மூப்பர் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை அவரை நான் தங்கையின் வீட்டில் சந்தித்தேன். தெய்வத்தையே குழந்தையாக்கி, அது சிறுதேர் உருட்டவும் சிறுபறை கொட்டவும் பருவம் பருவமாய்ப் பாடிய மொழி நம்முடையது என்றும், பிள்ளை விளையாட்டைப் பழிக்கும் நாவு அம்மொழிக்கு இல்லை என்றும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மைத்துனரைப் பார்த்துச் சிரித்தார்.

"மாஸ்டருக்குப் பாட்டுத் தெரியும். பிசாசைத் தெரியாது."

அன்று நானும் சிரித்தேன்.

படக்கதைகளைக் கொடுத்துவிட்ட மகன் பட்டத்தைக் கொடுக்க மறுத்தான். இரண்டு நாள் அழுதான். தங்கை கணவரிடம் மன்றாடினாள். இந்தப் பருவம் மட்டும் என்று அவர் இணங்கினார். பையன் தன் கையால் எட்டு மூலைப் பட்டம் ஒன்று கட்டினான். பக்கத்து வீட்டுக்காரர் முன்னாளில் பாய்க்கப்பலின் தலைவராக, கடலோடிகளின் சொல்லில் தண்டையலாக, இந்தியக் கரைவரை ஓடியவர். விண்ணை அவர் வளைத்துக் கொடுத்தார். பசை காயட்டும் என்று பட்டத்தை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு வெளியே போன பையன் வீடு திரும்பவில்லை. வேறு ஒழுங்கையிலிருந்து நூல் அறுத்துக்கொண்டு வந்த பட்டம் ஒன்றை அண்ணாந்து பார்த்தபடி ஓடியவன், வெங்காயத் தோட்டத்துக் கட்டில்லாக் கிணற்றில் விழுந்தான். நத்தார் கழிந்து நான்காம் நாள் அது.

கிணற்றில் இறங்கி அவனைத் தூக்கிவந்தவர் தண்டையல். நல்லடக்கத்தன்று ஒழுங்கையில் ஓர் அடுப்பும் புகையவில்லை. செபவீட்டுப் பெண்கள் தங்கையை விட்டு அகலாமல் இருந்து, அவளுக்குத் தலைவாரி, கஞ்சி பருக்கினார்கள். சைவ அயலாரையும் செபவீட்டாரையும் ஒரே முற்றத்தில் கண்டபோது, துயரம் எல்லாரையும் ஒரு சபையாக்கிவிட்டது என்று எண்ணினேன். அந்த எண்ணம் நிலைக்கவில்லை.

மைத்துனர் அழவில்லை. "நான் விட்டுக்குடுத்தனான், மச்சான். அதுதான்," என்று மட்டும் சொன்னார். தம் இணக்கமே மகனைக் கொன்றது என்று அவர் நம்பினார். அலுமாரியின் மேல் இருக்கும் பட்டத்தை எரித்துவிட வேண்டும் என்றார் மூப்பர். சாந்தமே உருவான என் தங்கை அலுமாரியின் முன் போய் நின்றுகொண்டாள். மகன் தொட்ட பசை அதில் இருக்கிறது என்றாள். அவளை விலக்கிவிட்டு அதை எடுக்க எவருக்கும் மனம் வரவில்லை.

நல்லடக்கம் நடந்த அன்றே மைத்துனர் கடவுளிடம் ஒரு பொருத்தனை செய்துகொண்டார். ஒவ்வொரு மாலையும் முழந்தாளில் நிற்பது. அந்த வானத்தின் குரலை ஆண்டவர் அடக்கும்வரை மன்றாடுவது. அது அடங்கினால் தம் பாவம் மன்னிக்கப்பட்டதென்றும், பட்டத்தை மனைவியிடமே விட்டுவிடலாம் என்றும் அவர் கொண்டார்.

அந்த மாலையே வானம் மௌனமாக இருந்தது. மறுநாளும் அவ்வாறே. தை பிறந்தது. பொங்கலன்று கடற்கரைக்கு மேலே பட்டங்கள் நிறைந்து நின்றதை நானே கண்டேன், ஒன்றும் கூவவில்லை. நிறம் நிறமாய் ஊமைப் பட்டங்கள். காற்றில் நூல் அதிர்வதும் கடலின் இரைச்சலும் அன்றி வேறு ஓசை இல்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு பொங்கலை நான் கண்டதில்லை. மைத்துனர் முற்றத்தில் நின்று மேலே பார்த்தார். அவர் கண்ணில் முதன்முறையாக நீர் வந்தது. செபவீட்டில் சாட்சி சொன்னார். சோறு உண்டார், சவரம் செய்தார், மகளை மடியில் வைத்துக்கொண்டார். பட்டத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. தங்கை அதைத் துடைத்து, மகனுடைய பாடசாலைச் சட்டையால் மூடிவைத்தாள்.

தை மாதத்தின் கடைசிப் பாதியில் ஒரு சனிக்கிழமை பேருந்தால் இறங்கி நடந்தபோது, ஒழுங்கையின் முகப்பிலேயே கூவல் கேட்டது. ஒன்றல்ல, பல. வீட்டில் மைத்துனர் சாய்கதிரையில் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். முதல்நாள் மாலை தொடங்கியது என்றாள் தங்கை. அப்போதிலிருந்து அவர் தண்ணீரும் வாயில் வைக்கவில்லை. மூப்பர் வந்து, சாபத்துக்குரிய ஒன்று இன்னும் இவ்வீட்டுக் கூரையின் கீழ் இருக்கிறது என்று சொல்லிப் போயிருந்தார். ஞாயிறு ஆராதனையில் சபையார் முன்னிலையில் அதைக் கொண்டுவந்து எரிக்க வேண்டுமாம்.

நான் தண்டையலிடம் போனேன். அவர் படலையடியில் நின்றார். கடும் வெயிலிலும் காற்றிலும் வாழ்ந்த முகம். என்னைக் கண்டதும் அதில் ஒரு கூச்சம் தோன்றியது. பட்டங்களைப் பற்றி நான் கேட்குமுன் அவரே தொடங்கினார்.

"முப்பத்தொண்டு நேற்றோடை முடிஞ்சுது, மாஸ்டர். அதுக்கு மேலை பெடியளைப் பிடிச்சு வைக்கேலாமல் போச்சு. குறை நினையாதேங்கோ."

எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. சைவர் வீடுகளில் மரணத்துக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. எங்களுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. எங்கள் பிள்ளைக்காக அதை அவர்கள் அனுட்டித்திருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் கட்டளையிடவில்லை. நல்லடக்கத்தன்று மாலையே அந்த ஒழுங்கையிலும் அக்கம்பக்கத்து ஒழுங்கைகளிலும் பிள்ளைகள் எல்லாரும் தங்கள் விண்களைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். பொங்கலன்றும் கட்டவில்லையே என்றேன்.

"செத்த வீட்டுக்கு மேலாலை கூவ விடுறதே?" என்றார் அவர். என் கேள்வி அவருக்கு வியப்பாயிருந்தது.

நான் விரைந்து திரும்பினேன். உண்மை அந்த மனிதரை விடுவித்துவிடும் என்று நம்பினேன். இறந்த பிள்ளையிடம் அயலார் கொண்ட அன்பே அந்த மௌனம்; அதில் ஆவியும் இல்லை, சாபமும் இல்லை; இப்போது கேட்பதும் ஆறிய துக்கத்தின் ஓசைதான். சாய்கதிரையின் அருகே இருந்து இவற்றையெல்லாம் மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு முகத்தைத் திருப்பினார். அப்படி ஒரு முகத்தை நான் இறந்தவரிடமும் கண்டதில்லை.

"அவை எங்களுக்காகக் கட்டாமல் விட்டவை எண்டால், மச்சான், என்ரை செபத்தை ஆர் கேட்டது?"

அயலார் உள்ளத்தில் அந்தக் கருணையை வைத்தவரே கேட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனத்தில் எத்தனையோ துதிப்பாடல்கள் இருந்தன. இரங்கும் கடவுளைப் பாடாத ஒன்று அவற்றில் இல்லை. அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மன்னிப்பின் அடையாளம் என்று அவர் பற்றியிருந்தது அதுவொன்றே. மூப்பர் சொன்ன சாபத்தை ஏற்றால், ஒரு முறையாவது தம் செபம் கேட்கப்பட்டது என்றாகும். நான் சொன்னதை ஏற்றால் அதுவும் இல்லை. அவர் சாபத்தைத் தேர்ந்துகொண்டார்.

குசினி வாசலில் நின்ற தங்கை யாவற்றையும் கேட்டிருந்தாள். அன்றும் அவர் உண்ணவில்லை. விடிந்து பார்த்தபோது, எழுந்து உட்காரவும் அவரால் இயலவில்லை. ஆராதனைக்குப் புறப்படுமுன் மூப்பர் படலையில் வந்து நின்று, பட்டத்தை எடுத்துவரும்படி சொன்னார். தங்கை வெளியே போய்த் தாழ்ந்த குரலில் மறுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு தெருவால் நடந்தால் தண்டையல் வீட்டார் காண்பார்கள். தாங்கள் வளைத்துக் கொடுத்த விண்ணை எரிக்கப் போகிறார்கள் என்று அறிவார்கள். அந்த மனிதர் என் பிள்ளையைக் கிணற்றிலிருந்து தூக்கியவர் என்றாள். மூப்பர் சற்று நின்றார். பின் படலையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அவள் உள்ளே வந்து அலுமாரியின் முன் கதிரையை இழுத்தாள். நான் தடுத்தேன். எரிக்க வேண்டியதில்லை, நான் கொக்குவிலுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன் என்றேன். பட்டம் இருக்கிற இடம் அவருக்குத் தெரிந்திருக்கும்வரை அவர் உண்ண வாய் திறக்கமாட்டார் என்றாள்.

"அவர் சாப்பிடட்டும், அண்ணை."

சட்டையை விலக்கி மடித்துத் தனியே வைத்தாள். பட்டத்தைக் குசினிக்குக் கொண்டுபோனாள். அடுப்புக்குள் அடங்காததால் சலாகைகளைத் தானே முறித்தாள். கடைசியாக விண்ணையும் வைத்தாள். கடதாசி ஒரு நொடியில் போயிற்று. சலாகைகள் சிறிது நேரம் நின்று எரிந்தன. விறகைத் தள்ளி அதே நெருப்பில் கஞ்சி வைத்தாள். சிறிய மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பையைத் தங்கை அவர் கையில் கொடுத்து, எரித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து குடிக்கத் தொடங்கினார். கூரைக்கு மேலே தண்டையலின் பேரப்பிள்ளைகளின் விண்கள் கூவிக்கொண்டிருந்தன. காற்று அன்று பலமாக இருந்தது. அவர் தலை நிமிரவில்லை. கோப்பையைக் காலியாக்கி, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

இதனை வாசிப்போர் எவராயினும், எந்த மறை ஓதுவோராயினும், உங்கள் முற்றங்களில் பிள்ளைகளின் ஆரவாரம் ஓயாதிருப்பதாக. உங்கள் துக்கத்தில் அயலார் காக்கும் மௌனம் உங்களுக்கு விளங்குவதாக. நீங்கள் ஏறெடுக்கும் செபங்கள், கேட்டவர் யாரென்று நீங்கள் அறியாத போதும், கேட்கப்படுவனவாக.