கதவைக் கழற்றும் ஊர்

கண்டியில் எங்கள் வரிசை வீடுகளில் குடியிருப்பவனை வெளியே போ என்று யாரும் வாயால் சொல்வதில்லை. கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கதவு என்றால் இரும்புப் பட்டை அடித்த நம் ஊர்க் கதவு அல்ல. மேலும் கீழும் மரக்குடுமி வைத்த ஒற்றைப் பலகை. குழியிலிருந்து சற்றுத் தூக்கினால் போதும், ஒரு பெண்பிள்ளையே தோளில் சாய்த்துக்கொண்டு நடந்துவிடலாம். அப்புறம் சாரலும் பனியும் தெருநாயும் உள்ளே வரும். பெண்டாட்டி பிள்ளையோடு இருப்பவன் எத்தனை நாள் தாங்குவான்? தானாக மூட்டையைக் கட்டுவான். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். புதுக்கோட்டைச் சீமையில் எங்களுக்கு ஒரு மண்வீடு உண்டு. கஞ்சிக்கு வழியில்லாத காலத்திலும் அதில் படுத்து எழுந்ததற்கு யாரும் எங்களிடம் குடிக்கூலி கேட்டதில்லை. இங்கே தரைக்குக் கூலி, தலைக்கு மேலிருக்கும் ஓலைக்குக் கூலி. அக்கரையில் காப்பி மரத்தில் காசு காய்க்கிறது என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

நான் காப்பிச் சாக்குத் தைக்கிறவன். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாட்டுவண்டியில் வரும் காப்பிக்கொட்டை, எங்கள் வரிசையை ஒட்டிய போகம்பறைக் கிட்டங்கிகளில் புதுச் சாக்கு மாறித்தான் கொழும்புக்கு இறங்கும். கிழிசல் தைப்பதும் வாய் தைப்பதும் என் வேலை. எங்கள் வீட்டுச் சொந்தக்காரி டிங்கிரி மெனிக்கே, கண்டிச் சிங்களத்தி, புருஷன் இல்லாதவள். சரிவுக்கு மேலே அவள் வீடு. கீழே அவளுடைய நாலு அறை வரிசை. அந்தக் கூலிதான் அவளுக்குச் சோறு. முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று எனக்குக் கடைசிவரை பிடிபட்டதில்லை.

அந்த வருஷம் பெரியம்மை வந்தது. கிட்டங்கிகளை அடைத்தார்கள், வண்டிகள் நின்றன, என் ஊசி துருப்பிடித்தது. தமிழன்தான் கடல் தாண்டி நோயைக் கொண்டுவந்தான் என்று தெருவெல்லாம் பேச்சு. அம்மை கண்டவர்களை ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தமுக்கு அடித்துவிட்டுப் போனார்கள். அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்களை நான் பார்த்ததில்லை. வேலை நின்றால் வீட்டுக் கூலி எங்கிருந்து வரும்? மெனிக்கே கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு ஒரு காலையில் கடைசி வீட்டுக் கதவு போயிற்று. அடுத்த கிழமை அதற்கு அடுத்த வீடு. மூன்றாம் வீட்டுக்காரர்கள் கதவு போகும்வரை காத்திருக்காமல் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் நாங்கள்தான். மழையில் தெருவோரம் நிற்கும் தமிழ்க் குடும்பத்தைக் கண்டால் நோய் உண்டா இல்லையா என்று யாரும் கேட்கப்போவதில்லை, நேரே கொட்டகைதான். எங்கள் மகள் செல்லம்மாவுக்கு அப்போதுதான் பேச்சுத் திருந்தியிருந்தது.

யோசனை என் மனைவி வீராயியுடையது. "கதவுல வேப்பிலையைச் சொருகிடுவோம். ஆத்தா இருக்கிற வீட்டுக் கதவுல எவ கை வைப்பா?" என்றாள். அம்மை இறங்கிய வீட்டில்தான் வேப்பிலை தொங்கும். அங்கே யாரும் நுழைய மாட்டார்கள், கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள், போ என்று சொல்ல மாட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த நியாயம் அது. சிங்களவர்களும் தங்கள் அம்மனைப் பத்தினித் தெய்யோ என்று சொல்லி வேப்பிலைக்குக் கைகூப்புவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வராத ஆத்தாவை வந்ததாகச் சொன்னால் உண்மையாகவே வந்துவிட மாட்டாளா? "வந்தா என் மேல வரட்டும். புள்ளை மழையில கிடக்கிறதுக்கு அது தேவலை," என்றாள் வீராயி. கண்டிக்குள் வேப்பமரம் காண்பது அரிது. வெயில் விழும் குண்டசாலைப் பக்கம் நடந்து போய், ஒரு வீட்டு வளவில் கெஞ்சி இரண்டு கொப்பு ஒடித்து வந்தேன். அன்று மாலையே கதவில் தொங்கவிட்டோம். ஆபத்து நீங்கினால் ஊருக்கு வந்து மாரியாத்தாளுக்குப் பொங்கல் வைப்பதாக வீராயி மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்தாள்.

மறுநாள் மெனிக்கே கதவை எடுக்கத்தான் இறங்கி வந்தாள். வேப்பிலையைப் பார்த்து நின்றாள். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். வெறுங்கையோடு மேலே ஏறிப் போய்விட்டாள். பொழுது சாயும் நேரத்தில் ஒரு சிறு மண் விளக்கைக் கொண்டுவந்து வாசலில் ஏற்றினாள். தினமும் ஏற்றினாள். கூலி பற்றிப் பேச்சே இல்லை. பிழைத்தோம் என்று மூச்சு விட்டேன்.

அது என் அவசரம். மெனிக்கேயை நிறுத்திய வேப்பிலை, சர்க்கார் ஆளை அழைத்து வந்துவிட்டது. ஒரு மாலை மெனிக்கே விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, கொட்டகைக்கு ஆள் பிடிக்கும் யாழ்ப்பாணத்துச் சேவகர் கையில் பிரம்போடு வந்து நின்றார். பின்னால் இரண்டு பேர், தூக்குப் பலகையோடு.

"உள்ளுக்க அம்மை வருத்தக்காரர் ஆர்? வெளியில கொண்டு வாங்கோ."

நோய் உண்டு என்றால் பிள்ளை போய்விடும். இல்லை என்றால், இதோ, பக்கத்திலேயே இருக்கிறாள் கதவுக்குச் சொந்தக்காரி. நான் ஆம்பிளை என்று பேர், மரம் மாதிரி நின்றேன். வீராயிதான் செல்லம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளையின் சட்டையைக் கழற்றி முதுகையும் கையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்கய்யா, நல்லாப் பாருங்க. ஒரு முத்து இல்லை. எங்க மூணு பேருக்கும் ஒண்ணுமில்லீங்க."

"அப்ப என்னத்துக்கு வேப்பிலை?"

வீராயி பிள்ளைக்குச் சட்டையை மாட்டினாள். சேவகர் பிரம்பால் கதவைத் தள்ளப் போனார். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மெனிக்கே எழுந்தாள்.

"வீடு எனக்கு. வேப்பிலை நான் போட்டது. பத்தினித் தெய்யோவுக்குப் போட்டது. தொட வேண்டாம்."

கண்டியாருடைய தெய்வ காரியத்தில் கை வைத்தால் தெருவே கூடிவிடும் என்று சேவகருக்குத் தெரியும். அந்தத் தழும்பு முகத்தை இன்னொரு தரம் பார்த்தார். "ஓம், ஓம், சரி. ஆருக்கும் காய்ச்சல் எண்டால் உடனே சொல்ல வேணும்," என்று சொல்லிவிட்டு ஆட்களோடு போனார்.

வீராயி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். இனி கதவு போகும், போகட்டும், பிள்ளை இருக்கிறாள் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். மெனிக்கே கதவைத் தொடவில்லை. அவளுடைய பாதித் தமிழில் சொன்னாள்:

"எனக்குத் தெரியும். மொத நாளே தெரியும். உன் வீட்டுக் கடுகு வாசம் மேலே எங்க வீட்டுக்கு வந்தது."

அம்மை இருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது. அடுப்பில் எண்ணெய் காயவே கூடாது. இந்த விஷயத்தில் இரண்டு சாதிக்கும் ஒரே வழக்கம். எல்லாம் சரியாகச் செய்த வீராயி, கைப்பழக்கத்தில் ரசத்துக்குத் தாளித்திருக்கிறாள்!

"அப்புறம் ஏம்மா கதவ எடுக்கல?" என்று கேட்டேன்.

"வேப்பிலை தொங்குதே. கை போகல," என்றாள். "காப்பி வண்டி வரட்டும். அப்புறம் கூலி பேசலாம்." விளக்கைத் தூண்டிவிட்டு ஏறிப் போனாள்.

நோய் ஒருவழியாகத் தணிந்தது. காணிக்கையைச் செலுத்தாமல் வீராயிக்குத் தூக்கம் இல்லை. மாத்தளை வழியாக நடந்து, மன்னாரில் தோணி ஏறி, மறுபடி நடந்து ஊர் சேர்ந்தோம். நம் வீடு, நம் தரை, யாருக்கும் கூலி இல்லை என்று வழியெல்லாம் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. என் தம்பி கருப்பையா கதவைத் திறக்காமலே உள்ளிருந்து குரல் கொடுத்தான்.

"அண்ணே, ஆத்தா வந்திருக்காண்ணே. உள்ள வராதீங்க. கோயிலுக்குப் போயிட்டு அப்படியே கிளம்புங்க."

அவனுக்கும் பிள்ளைகள் உண்டு. கண்டியிலிருந்து நோய் வருகிறது என்று அங்கேயும் பேச்சு பரவியிருந்தது. எல்லாம் எனக்குப் புரிந்தது.

"அம்மா, கடுகு வாசம்," என்றாள் செல்லம்மா.

வீராயி அவள் வாயைப் பொத்தினாள். கதவைத் தட்டி நாலு வார்த்தை கேட்கலாம் என்று கை எழுந்தது. வேப்பிலை தொங்கியது; கை போகவில்லை. "சரிப்பா, பிள்ளைகளைப் பாத்துக்க," என்றேன். மூவரும் வேப்பிலையைக் கும்பிட்டோம். கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். வந்த வழியே திரும்பினோம்.

போகம்பறைக்கு வந்து சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்குக் கதவு இல்லை. வீராயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே சரிவைப் பார்த்தேன். களவு போகாமல் இருக்கக் கழற்றித் தன் வீட்டில் வைத்திருந்த எங்கள் கதவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வழுக்கும் படிகளில் ஒவ்வொரு காலாக வைத்து, டிங்கிரி மெனிக்கே இறங்கி வந்துகொண்டிருந்தாள்.