நடக்காமல் போட்ட கையெழுத்து

ஜெயசீலி டீச்சர் இறந்த செய்தி நம்முடைய பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் எனக்கும் வந்தது. அப்போது கோட்டாறு கடைத்தெருவில் ஏத்தங்காய் வத்தல் வாங்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் இரண்டே வரி போட்டிருந்தாள். அம்மா காலமானார், அடக்கம் நாளை மாலை நான்கு மணிக்கு. அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நடுவில் ஒருவர், டீச்சரைப் பற்றித் தாணு சார்தான் எழுத வேண்டும், அவரைவிட நெருக்கமானவர் வேறு யார் என்று என்னைச் சொல்லிக் கேட்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இனி இது யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நிம்மதிதான் வந்தது. ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, ஆனாலும் வந்தது. மனுஷனா நீ என்று என்னையே கேட்டுக்கொண்டு, வத்தல் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானும் அவரும் ஒரே மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் பூகோளம், அவர் உடற்கல்வி. வருடா வருடம் தை மாதத்தில் பூதப்பாண்டிப் பக்கத்து வயல்வெளியில் இரண்டு நாள் நடக்கிற வழியறியும் பயிற்சியைத் தொடங்கியது நாங்கள் இருவரும்தான். ஆனால் ஆரம்பத்தில் எங்களுக்குள் ஒத்தே போகவில்லை. அவருக்கு வரைபடமும் திசைகாட்டியும்தான் உலகம். வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்ட இடங்களில் கொடி கட்டியிருக்கும், அவற்றை வரிசையாகக் கண்டுபிடித்துப் போக வேண்டும். எனக்கோ போனும் புதையலும். எங்கேயோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்து அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்துவிட்டால், தேடி எடுத்து உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும். அவர் என்னுடையதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்றார். நான் அவருடையதை வெள்ளைக்காரன் காலத்து டிரில் என்றேன். ஆறு மாதம் ஆசிரியர் அறையில் இதே சண்டை.

கடைசியில் சேர்த்து வைத்ததும் அவர்தான். கொடி வரைக்கும் திசைகாட்டி, கொடியில் கட்டிய சீட்டில் டப்பாவின் எண்கள், டப்பாவுக்குள் அடுத்த கொடிக்கான குறிப்பு. "ஒங்க பாதி, எனக்க பாதி. சண்ட தீந்துச்சா சாரே?" என்று கேட்டார். நம் வயற்காட்டுக்கு அது அப்படியே பொருந்தியது. திசைகாட்டி நேராகப் போ என்று சொல்லும், சானல் என்கிற பாசனக் கால்வாயும் குளமும் விடாது. நடவு வயலில் கால் வைத்தால் அந்தக் குழுவுக்குப் பூஜ்யம் என்பதும் அவர் வைத்த சட்டம். நல்ல யோசனை என்று எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள். அதை நான் மறுத்ததாக ஞாபகம் இல்லை.

இரண்டாவது வருடம் என்று நினைக்கிறேன், இருபது பேரை அழைத்துக்கொண்டு முன்னால் போனவருக்கே வழி தப்பிவிட்டது. சானலின் இந்தக் கரையில் நிற்கிறோம், கொடி அந்தக் கரையில். நானாக இருந்தால் வேண்டுமென்றே இப்படிக் கூட்டி வந்ததாகச் சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் சட்டென்று நின்றார். "எனக்கு வழி தப்பிட்டு மக்களே. கடைசியா எந்த எடம் உறுதியாத் தெரிஞ்சுதோ, அங்க திரும்பிப் போவோம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். வெயிலில் முக்கால் மணி நேரம் திரும்ப நடந்தோம். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. தொலைந்து போவது தப்பில்லை, தொலைந்ததை ஒத்துக்கொள்ளாமல் மேலும் மேலும் நடப்பதுதான் தப்பு என்று அன்றைக்குச் சாப்பாட்டின்போது சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டு ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அவர் கண்டிப்பாகப் பிடித்து வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. டப்பாவை ஒளித்தவர், பயிற்சிக்கு முந்தின நாள், கொடியில் கட்டப்போகிற அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத ஆள்போல அந்த எண்களைப் பார்த்தே போய், டப்பாவைக் கையால் தொட்டுவிட்டு வர வேண்டும். பிறகு தாளின் அடியில், நடந்து பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்பு டப்பாக்கள் என் பொறுப்பு. முந்தின நாள் சாயங்காலம் தாளை வாங்க வீட்டுக்கே வந்தார். "நடந்து பாத்தியளா?" என்று கேட்டார். நடந்து பார்த்தேன் டீச்சர் என்றேன். நடக்கவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மத்தியானம் நல்ல வெயில், டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வண்டிச் சத்தம் கேட்டதும்தான் அவசரமாகக் கையெழுத்தே போட்டேன்.

நடந்திருந்தால் பத்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும். மற்ற டப்பாக்களின் இடத்தை என் போனில் குறித்திருந்தேன். நான்காவது டப்பாவைக் குளத்தங்கரைப் புன்னைமரத்தடியில் ஒளித்த அன்று போனில் சார்ஜ் இல்லாததால், பள்ளிக்கூடத்து ஜிபிஎஸ் கைக்கருவியில் குறித்தேன். டிகிரிக்கு அடுத்த நிமிடத்தின் பின்னத்தைப் போன் புள்ளி வைத்துக் காட்டும், கைக்கருவி விநாடியாகக் காட்டும். வடக்கு எண்ணில் அது காட்டிய முப்பத்திரண்டு விநாடியை நான் தாளில் புள்ளி முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டேன். கிழக்கு எண்ணிலும் அதே கூத்து. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. தரையில் அது அரை கிலோமீட்டருக்கு மேல். பூகோள வாத்தியார் செய்கிற வேலையா இது!

அந்தத் தப்பான எண் போய் நின்ற இடம் ஒரு தென்னந்தோப்பு. அங்கே ஒரு குடும்பத்தாரின் மாடன் சாமி பீடம் இருக்கிறது. வங்கி ஊழியர் ஒருவரும் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேருமாக ஒரு குழு அங்கே போய்ச் சேர்ந்தது. போன் இதுதான் இடம் என்கிறது, டப்பாவைக் காணோம். செருப்புக் காலோடு பீடத்தைச் சுற்றி வந்து, விளக்குமாடத்தில் கையை விட்டு, அடியில் கிடந்த கல்லைப் புரட்டிக் கம்பால் மண்ணைக் கிளறியிருக்கிறார்கள். தேங்காய் பொறுக்க வந்த பெண் பார்த்துவிட்டுச் சத்தம் போட, ஆட்கள் கூடிவிட்டார்கள். இங்கே ஒரு டப்பா ஒளித்து வைத்திருக்கிறது, அதைத் தேடுகிறோம் என்று பிள்ளைகள் விளக்கம் சொன்னார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. சாமி பீடத்தடியில் டப்பா என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான், செய்வினை. யார் வைத்தது, என்ன தகடு, யாருக்கு வைத்தது என்று ஊரே கேட்டது.

பக்கத்துக் கொடியருகே நின்றிருந்த டீச்சர்தான் முதலில் ஓடிப்போனார். பெயரைக் கேட்டார்கள், சொன்னார். கிறிஸ்தவப் பெயர், அவ்வளவு போதுமே. வேதக்காரிக்கு எங்கள் சாமி பீடத்தில் என்ன வேலை என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். கொடியிலிருந்து அவிழ்த்துப் பிள்ளை கையில் வைத்திருந்த தாளைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. அடியில் என் கையெழுத்து. அந்தத் தோப்பில் பாதிப் பேருக்கு என் அப்பாவைத் தெரியும். நெற்றியில் திருநீற்றோடு நிற்கிறேன். மாமா, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லியிருந்தால் இரண்டு திட்டோடு விஷயம் முடிந்திருக்கும். டீச்சர் தாளை வாங்கி நான்காக மடித்து வைத்துக்கொண்டார். "பொறுப்பு எனக்குத்தான். வேற ஆரையும் கேக்காதிங்க" என்றார். நான் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூட்டத்தில் ஒருவனாக நின்றேன். இரண்டு மணி நேரம் அவர் வெறுங்காலோடு நின்று பதில் சொன்னார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மறுநாள் பீடத்தைச் சுத்திகரிக்கிற பூஜைக்கு எண்ணெயும் மாலையும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் கோழை என்பதோடு போயிருக்கும். பள்ளி நிர்வாகம் விசாரணை வைத்தது. டீச்சர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே என்னிடம் கேட்டார்கள், யாருடைய கவனக்குறைவு என்று. அவங்க கொஞ்சம் கவனிச்சிருக்கலாம் என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். பயிற்சியிலிருந்து அவரை விலக்கி, பொறுப்பை என்னிடம் தந்தார்கள். உங்களில் பலர் அதற்குப் பிறகு வந்தவர்கள். டீச்சர் நல்லவர்தான், கொஞ்சம் அசட்டை என்று என் காதுபடப் பேசிக்கொண்டீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர் மட்டும். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், மடித்து வைத்திருந்த அந்தத் தாளோடு நடந்து பார்த்ததாகச் சொன்னார். எண்ணைப் புள்ளியாகவும் விநாடியாகவும் போட்டுப் பார்த்திருக்கிறார். "டப்பா கொளத்தங்கரையில பத்திரமா இருக்கு சாரே. நோட்டுகூட நனையல்ல" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. பரீட்சையில் பையனுக்கு விடை நாக்கு நுனியில் நிற்கும்போது நாம் காத்திருப்போமே, அப்படி. அப்போ கைக்கருவியில் ஏதாவது கோளாறாக இருக்கும் டீச்சர் என்றேன். இருக்கும் என்றார். டிபன் பாக்ஸைத் திறந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கில் பாதியை என் மூடியில் வைத்தார். நான் சாப்பிட்டேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது என்று மகள் சொல்லியிருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் போகும்போதே வாக்கியத்தை நூறு தடவை ஒத்திகை பார்த்தேன். அவர் புதிய நாலுவழிச் சாலையை வரைபடத்தில் சேர்த்தாயிற்றா என்று கேட்டார். அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம். எழுந்தபோது, "வேற ஒண்ணும் சொல்லதுக்கு இல்லியா சாரே?" என்று கேட்டார். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. இதைவிட வசதியாக ஒருத்தனுக்கு யார் வழி திறந்துவிடுவார்கள்? ஒண்ணும் இல்ல டீச்சர், நல்லா ரெஸ்ட் எடுங்க என்றேன். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த வாரம் அந்தத் தோப்புக்குப் போனேன். பீடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொன்னையா, அன்றைக்குக் கூட்டத்தில் அதிகமாகக் கோபப்பட்டவர், தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் ஒவ்வொரு வருடமும் கொடை விழாவுக்கு ஒரு வாழைக்குலை கொடுத்துவிடுவார் என்றும், வேலிக்கு வெளியே நின்று பொன்னையா வீட்டுப் பெண்களோடு பேசிவிட்டுப் போவார் என்றும் சொன்னார். எனக்கு இதுவும் தெரியாது. பிறகு நிமிர்ந்தார்.

"அடக்கத்துக்கு நாங்களும் நாலு பேரு வந்தோம். நீரு பெட்டிக்குத் தலமாட்டுல நின்னீரு. அவ்வளவு சனத்துக்கு முன்ன அங்க வச்சுச் சொல்லியிருக்கப்பிடாதா வேய்? எனக்கக்கிட்ட வந்து சொல்லி என்னத்துக்கு?"

அவர் கேட்டது சரி. அந்தத் தோப்புக்காரர்கள் டீச்சரை என்றைக்கோ மன்னித்துவிட்டார்கள். மன்னிக்காதவர்கள் நாம்தான், படித்தவர்கள். அதனால்தான் இதை நம் குழுவின் மலரில், உங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுதுகிறேன். வருகிற தையில் பயிற்சிக்கு அவர் பெயரை வைக்கப் போவதாகவும் நான் தலைமை தாங்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெயரை வையுங்கள். மேடைக்கு நான் வரமாட்டேன்.

அவரிடமிருந்து நான் என்ன எடுத்துக்கொண்டேன் என்று இந்த மாதிரிக் கட்டுரையில் சொல்ல வேண்டும். அவருடைய திறமையையோ துணிச்சலையோ நான் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஆள் என்றைக்காவது வாயைத் திறப்பான் என்று என்னை நம்பிக் காத்திருந்தாரே, அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவர் எனக்கென்று விட்டுப்போனது. எண்ணைத் தப்பாக எழுதியது நான். நடக்காமல் கையெழுத்துப் போட்டது நான். ஜெயசீலி டீச்சர் மீது எந்தக் குற்றமும் கிடையாது. இந்த மூன்று வாக்கியத்தை அவரிடம் சொல்ல எனக்கு ஆறு வருடம் இருந்தது.