பனி தள்ள வந்த டிராக்டர்

டிராக்டரை வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு டீசல் விலை ஒரு தலைவலி, டிரைவர் இன்னொரு தலைவலி. எனக்கு இரண்டும் கிடையாது. என் வண்டி கரண்டில் ஓடுகிறது, டிரைவரும் நானே. என் தலைவலி வேறு: அது டிராக்டர்தான் என்று எதிரே நிற்பவரை நம்ப வைப்பது. ஏதாவதொரு பழைய சாமானை ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் உங்களில் யாராவது இருந்தால் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் எங்களுக்கு ஒரு பேட்டரி கடை. கிரிவலப் பாதைப் பக்கம் தோட்டத்தோடு வீடு எடுத்து ரொம்ப காலம் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர், தன் நாட்டுக்குத் திரும்பும்போது இந்த வண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஊரில் வீட்டுத் தோட்டங்களுக்காக அந்தக் காலத்தில் செய்தது. என் இடுப்பு உயரம், மஞ்சள் நிறம். மூடியைத் திறந்தால் இன்ஜின் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாக பேட்டரிகள். கூடவே ஒரு குட்டிக் கலப்பை, புல் வெட்டும் தட்டு, முன்னால் மாட்டுகிற அகலமான இரும்புப் பலகை. ஓட்டுவதானால் எடுத்துக்கொள், நிறுத்தி வைப்பதானால் வேண்டாம் என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை.

புது பேட்டரி போட்டு அதற்கு உயிர் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். மறுநாளே வருத்தப்பட்டவரும் அவர்தான். கடைக்கு இருக்கும் இரண்டு ஷட்டரில் ஒன்றை வண்டி அடைத்துக்கொண்டது. "தை பொறக்கட்டும். அதுக்குள்ள ஒழுங்கா சம்பாதிக்கலன்னா காயலான் கடைதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து கடையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நான். அந்த சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கென்று ஒரு தொழில் வந்தது. அதை உடைத்து எடைக்குப் போட விடுவேனா? வேலை தேடிக் கிளம்பிவிட்டேன்.

பங்காளி காது

முதல் வேலை அடி அண்ணாமலையில், பச்சையப்பன் என்பவரின் தென்னங்கொல்லையில். மரங்கள் நெருக்கமாக இருந்ததால் பெரிய டிராக்டர் உள்ளே நுழையாது. நான் போய் இறங்கியதும் அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பின்னால் பார்த்தார். "டிரைவர் எங்கம்மா?" என்றார். நான்தான் என்றதும் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

சாவகாசமாகத் திரும்பி வந்தவர், சத்தமே கேட்கவில்லையே, இன்னும் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று கேட்டார். முடித்துவிட்டேன் என்றேன். குனிந்து மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நாலு இடத்தில் பார்த்தார். உழவில் குறையில்லை என்று தெரிந்தும் மனுஷர் முகம் தெளியவில்லை. இன்ன குறை என்று சொல்லுங்கள் அண்ணே, சரி பண்ணித் தருகிறேன் என்றேன். வேலிக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டினார்.

"ஒழவெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம கொல்லையில டிராக்டர் ஓடுனது பங்காளி காதுல விழலன்னா, ஓட்டி இன்னாம்மா பிரயோஜனம்?"

மணி கட்டிய வண்டி

இந்தச் சத்தமில்லாத குணத்தையே விரும்பிக் கூப்பிட்டது ஒரு தியான மடம். புல் வெட்டும் இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் மனம் ஒன்றவில்லையாம். நானும் புல் தட்டை மாட்டிக்கொண்டு பூனை மாதிரி போனேன். ஒரு வளைவில் திரும்பினால், உயர்ந்த புல்லுக்கு நடுவே ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்! பிரேக்கில் ஏறி நின்றேன் என்றே சொல்லலாம். அவர் கண்ணைத் திறந்து வண்டியைப் பார்த்து, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. அவரைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுத்தான் வெட்டினேன்.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போயிற்று. நல்ல மனிதர், கத்தவில்லை. ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் மாட்டுக் கழுத்து மணி ஒன்றை அவரே கொண்டுவந்து வண்டியில் கட்டினார். அது கிணுகிணு என்றது. அவருக்கே அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"நீங்க வர்றதும் தெரியணும்மா, சத்தமும் கேக்கக்கூடாது. அந்த மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமா பாருங்க."

வெயில் எதற்கு இருக்கிறது?

முன்னால் மாட்டும் இரும்புப் பலகை எதற்கு என்று பெரியவர் சொல்லித்தான் கொடுத்தார்: வாசலில் விழும் பனிக்கட்டியைத் தள்ளிவிட. திருவண்ணாமலையில் வருஷம் முழுக்க மலையே தகிக்கிறது, பனிக்கட்டிக்கு எங்கே போவது? பலகை சும்மா கிடந்தது.

ஐப்பசியில் கீழ்பென்னாத்தூரில் அம்சவேணி அக்காவின் நிலத்தில் உழுதுகொண்டிருந்தேன். திடீரென்று வானம் கறுத்தது. பக்கத்துக் களத்தில் அக்காவின் மல்லாட்டை, அந்த வருஷத்துக் கடலை மொத்தமும், பரப்பிக் கிடந்தது. வாரிக் குவிக்க ஆளில்லை. அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கலப்பையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பலகையை மாட்டினேன். ஓரத்திலிருந்து நடுவுக்கு நடுவுக்கு என்று தள்ளித் தள்ளி ஒரே குவியலாக்கினேன். தார்ப்பாயை இழுத்து மூடவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது.

நனைந்துகொண்டே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மோட்டார் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்றபோது, இந்தப் பலகை நிஜத்தில் எதற்குச் செய்தது என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு நம்பிக்கையில்லை.

"பனியத் தள்றதுக்கா மிசினு? வெயில் வந்தா அது தானா போயிடப் போவுது. அதுக்குள்ள இன்னா அவசரம் அவங்களுக்கு?"

பொழுது சாய்ந்தால்

தையும் பிறந்தது. கணக்குப் பார்த்ததில் வண்டி தன் சாப்பாட்டுக்குச் சம்பாதித்திருந்தது. அடைத்துக்கொண்ட ஷட்டருக்கு அது ஈடாகவில்லை. பொங்கல் கழிந்த வாரம் காயலான் கடைக்காரர் வருவதாகப் பேச்சு. ஒத்துக்கொண்ட கடைசி வேலையை முடித்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி, அதைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு சமணர் ஊருக்குப் போனேன். பார்சுவநாதன் என்பவரின் கொய்யாத் தோட்டம். அவர் வீட்டிலேயே தங்கல். பொழுது சாய்ந்த பிறகு அந்த வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள் என்பதால், இருட்டும் முன்பே எனக்கும் சாப்பாடு போட்டுவிடுவார்கள்.

தோட்டத்தில் சோலார் தகடு உண்டு, சார்ஜ் அதில்தான். முதல் நாள் வேலை நீண்டு, மேற்கே சிவந்த பிறகு ஒயரைச் செருகினேன். சார்ஜர் விளக்கு எரியவில்லை. பிடுங்கிச் செருகினேன், தட்டினேன், கெஞ்சினேன். ஏற்கெனவே அழுகிற மனநிலையில் இருந்தேன். வீட்டுக்காரம்மா நான் படும் பாட்டைப் பார்த்து, தகட்டுக்கு வெயில் போய்விட்டது, காலையில் போட்டுக்கொள்ளலாம் என்றார். பார்சுவநாதனோ அந்த வண்டியை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

"பொழுது போனப்புறம் ஒண்ணும் வாயில வைக்க மாட்டேங்குது பாருங்க. இது எங்க வீட்டு வண்டிங்க!"

போன்

அங்கே கடைசி நாள், கடைசி வரிசையை உழுகிறபோது போன் அடித்தது. வீட்டுக்காரர். காயலான் கடைக்காரர் காத்திருக்கிறார், கிளம்பி வா என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு கையை அதன் மேல் வைத்தபடியே எடுத்தேன். எப்போது வருகிறாய் என்றார். குரலில் ஒரு தவிப்பு. நான் இல்லாமல் ரொம்பக் கஷ்டப்படுகிறார் போல என்று மனசு இளகிவிட்டது.

விஷயம் வேறு. நான் கிளம்பியதிலிருந்து கடைக்கு ஆள் வரத்து நின்றுவிட்டதாம். கடையின் பெயர்ப் பலகையை ஊரில் ஒருத்தரும் படித்ததில்லை. மஞ்சள் டிராக்டர் நிற்கிற கடை என்றுதான் எல்லோரும் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். காயலான் கடைக்காரரும் சொன்ன நாளுக்கு முன்பே வந்து, அதே அடையாளத்தை வைத்துக்கொண்டு செங்கம் ரோட்டில் மேலும் கீழும் அலைந்து, அப்படி ஒரு கடையே இல்லையென்று போனில் திட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். அப்படியானால் வண்டியைக் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். கொய்யா மரத்தடியில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன் என்பதை ஒளிப்பானேன்?

"குடுக்கறதாவது! நீ வேலைக்கு ஓட்டிக்கினு போ, வேணாங்கல, ராத்திரிக்குள்ள அது கடை முன்னாடி நிக்கணும். இப்ப மொதல்ல வண்டிய குட்டியானையில ஏத்தி அனுப்பு, நீ கூலிய வாங்கிக்கினு மெதுவா பஸ்ல வா."

சும்மா நின்று பேர் வாங்கிய வண்டி ராணி மாதிரி முன்னால் போக, அதற்காக ஓடி ஓடி உழைத்த நான் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தேன் என்பதுதான், சக பாவிகளே, இந்தத் தொழிலில் நான் கண்ட நியாயம்.