மைக் மாட்டுகிறவர்

விவாதத்துக்கு வருகிறவர்களின் சட்டையில் மைக் மாட்டுவதுதான் அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்கு இருபது வருட வேலை. அன்று ஈர பேண்ட்டோடு வந்திருந்தார். நான்கு வருடத்தில் மூன்றாவது முறையாக வீட்டுக்குள் வெள்ளம்.

"மழைன்னா பெய்யத்தான் செய்யும். இதுக்கு ஒரு பருவநிலை மாற்றமா?" என்று நக்கலடித்தார் விவாதத்துக்கு வந்த ஒருவர்.

"கடல் சூடாகுதுய்யா, அதான் இப்படிக் கொட்டுது!" என்று மேசையைத் தட்டினார் எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர்.

போன வெள்ளத்துக்கும் இதே இருவர், இதே வாய்ச்சண்டை. இடைவேளையில் சிரித்தபடி ஒரே பிஸ்கட் தட்டில் கைவிட்டார்கள். மைக் மாட்டுகிறவர் அவர்கள் சட்டை மைக்கைச் சரிசெய்தார்.

"பாதிக்கப்பட்டவங்க யாராவது பேசினா நல்லாருக்குமே" என்று தலையைச் சொறிந்தார் தயாரிப்பாளர்.

"என் வீட்லயே முழங்காலளவு தண்ணி சார். நான் பேசறேன்."

தயாரிப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ பேசப் போயிட்டா மைக்கை யாருய்யா மாட்டறது?"