ஜெயம் கையில் வாங்கிய மெழுகுவர்த்தி

எங்கள் கோயிலுக்குப் பூசைக்கு வருகிற எவரைக் கேட்டாலும் ஜெயத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதி அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமை. நான் சவுரியம்மாள். ஜெயத்தின் புருஷன் இருதயராஜ் எனக்குக் கொழுந்தன். அவள் எனக்கு ஓரகத்தி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் கேட்கிறவர்கள் என்னைக் கேட்கட்டும்.

திண்டிவனத்தில் ரயில் கேட்டைத் தாண்டினால் எங்கள் காலனி. இருதயராஜ் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்குவான். ஜெயம் அதே மண்டியில் பயறு புடைப்பாள். இரண்டு பிள்ளைகள். வீடு என்று சொன்னால் ஒரே அறை. சமைப்பதும் அங்கேதான், படுப்பதும் அங்கேதான். ஆனால் அந்த அறையை அவள் வைத்திருக்கும் அழகைப் பார்க்க வேண்டுமே! சாயங்காலமானால் புருஷனும் பெண்சாதியும் வாசலில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசிச் சிரிக்கிற சத்தம் எனக்கே பொறாமையாக இருக்கும். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். கோபம் வந்தால் பாத்திரம் பறக்கும். ஆனால் சூது தெரியாது.

எங்கள் கோயிலில் ஒரு பழக்கம் உண்டு. பிரசங்கம் முடிந்ததும் சாமியார் ஏதாவது காரியத்துக்கு ஆள் கேட்பார். கூரை மாற்ற ஓலை, திருவிழாவுக்குப் பந்தல், இப்படி. செய்கிறேன் என்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும். சாமியார் பீடத்துக்கு அழைத்து, கொளுத்திய மெழுகுவர்த்தி ஒன்றைக் கையில் கொடுப்பார். ஜனம் கை தட்டும். வாங்கிவிட்டால் வாங்கியதுதான். அதன் பிறகு மாட்டேன் என்றவனுக்கு எங்கள் ஜனத்தில் பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள்.

எண்பத்து நாலாம் வருஷம், ஆவணி மாசம். இலங்கையிலிருந்து படகில் தப்பி வந்த ஜனங்கள் ராமேஸ்வரத்திலிருந்து ரயிலில் விழுப்புரம் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் அதைத்தான் பேசினார். ஆண்டவரே ஊர் பேர் தெரியாத ஆளாக வந்து கதவைத் தட்டுவார், கடைசி நாளில் அதைத்தான் முதலில் கேட்பார் என்று சொல்லிச் சொல்லி அழுதார். "ரெண்டே வாரம். முகாம்ல எடம் ரெடியாவுற வரைக்கும். ஒரு குடும்பத்தை யாராச்சும் வீட்டுல வெச்சுக்கிறீங்களா?" என்றார்.

ஒருத்தரும் அசையவில்லை. கோயில் கமிட்டித் தலைவர் பெரியதம்பி, மாடி வீட்டுக்காரர், அண்ணாந்து கூரையில் பல்லி தேடிக்கொண்டிருந்தார். பெரியதம்பி எழாமல் நாம் எழக்கூடாது என்று ஆண்கள் பக்கம் முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள். ஏன் பொய் சொல்ல, எல்லாருக்கும் பயம். வருகிறவர் யாரோ, எப்படிப்பட்டவரோ.

அந்த நேரம் பார்த்து ஜெயம் எழுந்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பாலை வைத்துவிட்டு அணைக்காமல் வந்தது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள், அவ்வளவுதான். சாமியார் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஜெயம்! ஒரு ஏழைப் பொண்ணு எழுந்துட்டா பாருங்க!" ஜனம் கை தட்டிய தட்டில் கூரையே இடிந்துவிடும் போலிருந்தது. தங்கள் தலை தப்பிய சந்தோஷம் அவர்களுக்கு! இவள் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பெண்கள் கையைப் பிடித்து பீடத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மெழுகுவர்த்தி கைக்கு வந்துவிட்டது. இறங்கி வந்து என் காதில் ஸ்டவ் என்றாள்; நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வீடெல்லாம் புகை. பால் கருகி, பாத்திரம் ஓட்டையாகிக் கிடந்தது. பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தவர்களும் உண்டு.

"சொல்லிட வேண்டியதுதானடி" என்றேன்.

"எப்டிக்கா சொல்றது? சாமி அழுதுக்கினு நிக்கிறாரு. பால் பொங்குதுன்னு சொல்லவா? ரெண்டு வாரம்தானே, போய்த் தொலையட்டும்" என்றாள்.

வந்தவள் பேர் மரியநேசம். மன்னார் பக்கம். ஆறு மாசப் பிள்ளைத்தாச்சி. புருஷன் அவளைப் படகில் ஏற்றிவிட்டு, தாயை அழைத்து அடுத்த படகில் வருகிறேன் என்று திரும்பிப் போனவன். அடுத்த படகு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அவன் வரவில்லை. ஒரு துணிப்பையும் ஒரு ஜெபமாலையும்தான் அவள் சாமான். ஜெயம் கதவிலிருந்து ஒதுங்கி வழி விட்டாள். இருதயராஜ் ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மண்டிக்குப் போனான். ஒரே அறையில் பிள்ளைத்தாச்சிப் பெண் படுத்திருக்க, அவன் வேறு எங்கே படுப்பான்? மூட்டைகளுக்கு நடுவில் படுத்தான்.

இரண்டு வாரம் போயிற்று. இரண்டு மாசம் போயிற்று. முகாமில் இடமில்லை என்றார்கள். பிள்ளை பிறக்கட்டும் என்றார்கள். பெண் பிள்ளை பிறந்தது; பச்சை உடம்புக்காரியை எங்கே அனுப்புவது என்றார்கள். அந்தச் சாமியாருக்கு மாற்றல் வந்தது, போய்விட்டார். ஜெயம் மட்டும் அங்கேயே நின்றாள்.

இந்தக் கை தட்டிய ஜனம் இருக்கிறதே! ஞாயிறு தவறாமல், "ஜெயம், நீ கொடுத்து வெச்சவடி. எங்களுக்கெல்லாம் அந்த மனசு வருமா?" என்பார்கள். ஒரு படி அரிசி தரமாட்டார்கள். பழைய புடவை கொண்டு வருவார்கள், அதையும் பத்துப் பேர் பார்க்கும்படி கொண்டு வருவார்கள். வெளியூரிலிருந்து சாமியார்கள் வந்தால் பெரியதம்பி நேரே இவள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார். "எங்க பங்கு அகதிங்களை எப்டி வெச்சிக்கினு இருக்குது பாருங்க சாமி!" ஜெயமும் மரியநேசமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். போட்டோ எடுப்பார்கள். வந்தவர்களுக்கு சோடா வாங்குவது ஜெயம்.

வீட்டுக்குள்ளே வேறு கதை. மரியநேசம் தேங்காயை அரைத்து ஊற்றுவாள், ஜெயத்துக்கு வயிறு எரியும். கேப்பைக் கூழ் அவளுக்குத் தொண்டையில் இறங்காது, இவளுக்கு மூக்கு விடைக்கும். குளிக்க ஒருத்தி, துணி மாற்ற ஒருத்தி என்று மாற்றி மாற்றி வெளியே நிற்க வேண்டும். மரியநேசம் நல்லவள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மண்டியில் வேலைக்கு வருகிறேன் என்று கெஞ்சினாள். மேஸ்திரி, போலீஸ் பேஜாரு வேண்டாம் என்று விரட்டிவிட்டார். வாராவாரம் ஸ்டேஷனில் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் பக்கத்துக் குடம் நகரும். அதனால் ஸ்டேஷனுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் தவிர அவள் வெளியே போவதையே விட்டுவிட்டாள். அந்த ஒரே அறையில், கதவுக்குப் பின்னால், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜெயம் வேலை முடித்து வந்தால் மூச்சு விட ஓர் இடம் கிடையாது.

ஒருநாள் என் வீட்டில் வந்து ஜெயம் ஓவென்று அழுதாள். "அக்கா, எனக்கு மூச்சு முட்டுதுக்கா. போடின்னு சொல்ல வாய் வரல. இருன்னு சொல்லவும் வாய் வரல. எம் புருஷன் கூட நாலு வார்த்தை பேசி எத்தினி நாளாச்சு தெரியுமா? மூட்டைக்கு நடுவுல படுத்துக்கினு, டீக்கடையில துன்னுக்கினு, சம்பளத்தை மட்டும் வாசல்ல நின்னு கொடுத்துட்டுப் போறான். எனக்கு என் வீடு வேணும், அவ்ளோதான். பெரிசா இன்னா கேட்டேன்?"

எனக்கு அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, அவளை அப்படி மாட்டிவிட்ட கோயிலை நினைத்தால் பற்றிக்கொண்டும் வந்தது. பெரியதம்பியிடமே கேட்டேன். மாடியில் பூட்டிக் கிடக்கும் அறையைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றேன். "மெழுகுவர்த்தி வாங்கினது ஜெயம்தானேம்மா" என்றார். நல்ல நியாயம்!

மூன்று வருஷம் இப்படி ஓடிற்று. பிறகு போலீஸிலிருந்து உத்தரவு வந்தது. வெளியே தங்கியிருக்கும் அகதிகள் எல்லாரும் கடலோர முகாமுக்குப் போய்விட வேண்டும். திங்கட்கிழமை லாரி வரும். ஜெயத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனந்தம் என்றால் அவ்வளவு ஆனந்தம். மண்டிக்கே ஓடிப்போய் இருதயராஜிடம், "திங்கக்கெழம சாயங்காலம் வீட்டுக்கு வந்துடு. கருவாட்டுக் கொழம்பு வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சனிக்கிழமையே சுண்ணாம்பு வாங்கிச் சுவரடிக்கத் தொடங்கிவிட்டாள். உள்ளே ஆள் இருக்கும்போதே!

அன்றைக்குத்தான் சண்டை மூண்டது. மரியநேசத்தின் பெண் குட்டி சுண்ணாம்புச் சட்டியைக் கவிழ்த்துவிட்டது. ஜெயம் பாய்ந்து அதன் முதுகில் ஒன்று வைத்தாள். மரியநேசம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "திங்கள் போயிடுவம்தானே அக்கா, அதுவரைக்கும் பொறுக்க ஏலாதா?" என்று கேட்டுவிட்டாள். போதாதா?

"நானா உன்னைக் கூப்ட்டேன்?" என்று ஜெயம் கத்தியது தெருவுக்கே கேட்டது. "ஸ்டவ்வு மேல பால் பொங்குதுன்னு எழுந்தேன்டி! உன்னை வெச்சிக்கிறேன்னு எழுந்திருக்கல! ஒரு சொட்டுப் பாலுக்கு மூணு வருஷம் நான் ஜெயில்ல கெடக்குறேன்!"

நான் ஓடினேன். மரியநேசம் அழவில்லை. பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"தெரியும் அக்கா" என்றாள். "வந்து மூண்டு வாரத்துக்குள்ளயே தெரியும்."

"யாரு சொன்னது?"

"கோயில்ல கை தட்டின ஆக்கள்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஆரோ ஒராள் சொல்லும். பால் வைச்ச அடுப்பாலதான் உனக்கு வீடு கிடைச்சது எண்டு சிரிப்பினம். தெரிஞ்சுகொண்டுதான் உங்கட சோத்தைத் திண்டனான். போறதுக்கு ஒரு இடம் இருந்திருந்தா அண்டைக்கே போயிருப்பன்." பிள்ளையின் காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை முந்தானையால் துடைத்தாள். "இண்டைக்கு வரைக்கும் அதை எனக்குச் சொல்லாத ஆள் நீங்கள் ஒராள்தான் அக்கா."

ஜெயம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒவ்வொரு ஞாயிறும்! நற்கருணை வாங்கிய வாயால்! அந்தப் பெண் மூன்று வருஷமாக அதைக் காதில் வாங்கிக்கொண்டு, அதே கதவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெயம் புதுச் சாமியாரிடம் போய் நின்றாள். நானும் கூடப் போனேன். "சாமி, அந்தப் பொண்ணு எங்க வீட்டுலயே இருக்கட்டும். போலீஸ்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். என் காதை என்னால் நம்ப முடியவில்லை. பெரியதம்பி குறுக்கே வந்து, "விட்டுது தொல்லைன்னு இருப்பியா, இன்னாம்மா நீ" என்று சிரித்தார். "அவளுக்கு எங்கூட இருந்து பழகிப்போச்சு சாமி. எனக்குந்தான்" என்றாள் ஜெயம். சட்டம் சட்டம்தான், நம்ம கையில் ஒன்றுமில்லை என்றார் சாமியார். அவர் கையை விரித்ததைப் பார்த்தால் அவருக்கும் வருத்தமில்லை என்று தெரிந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் லாரி வந்தது. ஜெயம் கேப்பை மாவும் மல்லாட்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். மரியநேசம் வாங்கிக்கொண்டாள். பிள்ளைதான் லாரியில் நின்றுகொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று அழுதது. அது பிறந்து வளர்ந்த வீடு அது ஒன்றுதானே. காலனியில் பாதி வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன.

பிறகு ஜெயம் போய்க் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சொன்ன சொல்லுக்காக வைத்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகளை என் வீட்டில் விட்டிருந்தாள். பொழுது சாயும் நேரத்துக்கு இருதயராஜ் வந்தான். சலவைச் சட்டை, கக்கத்தில் பாய். என் வாசலைத் தாண்டும்போது, "வர்றேன் அண்ணி" என்று வெட்கத்தோடு சிரித்தான். புது மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தான். நானும் சிரித்தேன்.

அவன் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். நின்றுகொண்டே இருந்தான். ஜெயம் உள்ளேயிருந்து, "இன்னாய்யா அங்கயே நிக்கிற, சோறு ஆறுதே" என்றாள். அவன் உள்ளே போனான். தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, சாப்பிடுகிற சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் மட்டும் இல்லை. முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் என் சுவர் அதிரும்.

வெகு நேரத்துக்குப் பிறகு இருதயராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். பாயைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"நான் எங்க படுக்கட்டும்?" என்று கேட்டான்.

தன் வீட்டில், தன் பெண்சாதியிடம், ஊரார் வீட்டில் கேட்பது போல அவ்வளவு மரியாதையாகக் கேட்டான். ஜெயம் அழத் தொடங்கியதுதான் எனக்குக் கேட்டது.