மேலேயிருந்து வந்த ஆள்

பூதக்கண்ணாடி என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆளையும் அவர் சந்தேகப்பட்டிருப்பார். பெரிய சலவை ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறார். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வந்து இறங்கும். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, கடைசியில் அவர் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். கறை இருந்தால் இடது பக்கம், இல்லாவிட்டால் வலது பக்கம். அவர் கண்ணுக்குத் தப்பிய கறை அந்த நாளில் கிடையாது. எறும்பு ஒன்று விரிப்பின்மேல் நடந்து போயிருந்தால், அது எந்தக் காலை இழுத்து இழுத்து நடந்தது என்றுகூடச் சொல்லிவிடுவார். இதில் கொஞ்சம் கூடுதல் உண்டு. ரொம்பக் கூடுதல் இல்லை.

சந்தேகம் வேலை முடிந்ததும் ஆலையிலேயே இருந்துவிடவில்லை, அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இரண்டும் ஒரே மணி காட்டினால், இரண்டும் பேசி வைத்துக்கொண்டு காட்டுகின்றன என்று நினைப்பார். கல்யாணத்தன்று போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோது எதற்கு என்று கேட்டவர். அந்தப் போட்டோவில் மனைவி மணப்பெண் மாதிரி இருக்கிறாள். இவர் மட்டும் போலீஸில் புகார் கொடுக்க வந்தவர் மாதிரி நிற்கிறார்.

அந்த மனைவி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு, அதாவது மாதா கோயிலுக்குப் போகிறவள். எட்டு வருஷமாக இவரும் கூடவே போய்க் கடைசி பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். பாட்டு பிடிக்கும். பாதிரியாரையும் பிடிக்கும். ஏழை எளியவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் பட்டது. ஞானஸ்நானம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். ஒரே ஓர் இடத்தில் வண்டி நின்றுபோயிருந்தது. கடவுள் மனுஷனாகப் பிறந்து வந்தார் என்கிறார்களே, அந்த இடம்.

"மேல இருக்கறவன் கீழ எதுக்குடி வருவான்? ஆள் புடிக்க வருவான்" என்பார் மனைவியிடம்.

சும்மா சொல்லவில்லை, பட்டவர் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆலைக்கு வந்த புது மேனேஜர், தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல், தொழிலாளி உடுப்பும் தொப்பியும் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் லாரி இறக்கும் இடத்தில் மூட்டை தூக்கினார். எல்லாரிடமும் சிரித்துப் பேசினார், பீடி வாங்கிக் குடித்தார். மூன்றாம் நாள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பினார். பீடி கொடுத்தவன்தான் முதல் ஆள். அன்றிலிருந்து மேலேயிருந்து இறங்கி வருகிற எதுவும், மழை உட்பட, அவருக்கு ஆகாது.

இப்போது அவரிடமே ஓர் ஒளிவுமறைவு இருந்தது. இடது கண்ணில் பால் ஊற்றிய மாதிரி வெள்ளை விழுந்து ஒரு வருஷம் ஆயிற்று. வலது கண்ணும் அண்ணன் வழியில் கிளம்பிவிட்டது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், ஒரு மாதம் லீவு போடுங்கள் என்றார் டாக்டர். ஒரு மாதம் லீவு போட்டால் அந்த மேஜையில் வேறொருத்தன் உட்காருவான், உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டான், ஐம்பத்தோரு வயதில் தன்னை வேறு யார் சேர்ப்பார்கள் என்பது இவர் கணக்கு. அதனால் மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லாமல் விரலால் வேலை பார்த்தார். ரத்தக் கறை காய்ந்த இடம் விறைப்பாக இருக்கும். எண்ணெய் வழுக்கும். துரு சொரசொரக்கும். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிற பாவனை அப்படியே இருக்கும், பார்ப்பதெல்லாம் பத்து விரல். டீக் கறை மட்டும் விரலுக்கு அகப்படாது. அதற்கு அவர் மனைவியை ஜெபம் பண்ணச் சொல்லியிருந்தார். தான் நம்பாவிட்டாலும் அவள் நம்புகிறாளே, அது வீணாகப் போவானேன்.

இந்த நிலையில்தான் வாஷிங் பகுதிக்குப் புதுசு வந்தது. புதுசு என்றால் சின்னப் பையன் இல்லை, இவர் வயதுதான் இருக்கும், தலை நரைத்த ஆள். இவருக்குப் பார்வை மங்கலாக இருந்தாலும் சந்தேகம் பளிச்சென்று இருந்தது. முதல் நாளே கை கொடுத்தபோது உள்ளங்கை பஞ்சு மாதிரி இருந்தது. ஈர மூட்டை தூக்குகிறவன் கை அது இல்லை. டீ கொண்டு வந்து வைத்த அம்மாவுக்கு அந்த ஆள் நன்றி சொன்னார். நடக்கும்போது செருப்புச் சத்தம் வரவில்லை, நல்ல பூட்ஸ். பூதக்கண்ணாடி மூன்றையும் கூட்டிப் பார்த்தார். முதலாளி வீட்டு ஆள். கண்ணைப் பற்றி எவனோ போய் ஊதியிருக்கிறான், சோதிக்க அனுப்பியிருக்கிறார்கள்.

இஸ்திரிக்காரம்மாவிடம் மட்டும் சொன்னார், யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற நிபந்தனையோடு. அந்த அம்மா நிபந்தனையையும் சேர்த்தே எல்லாரிடமும் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாய்லருக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தப் புதுசு பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வரக் கூடாது. அவர் மூட்டையைத் தொட்டால் நாலு பேர் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார்கள். உட்காரச் சொல்லி ஸ்டூல் வந்தது, ஸ்டூலுக்கு மேல் மடித்த விரிப்பு வந்தது. சூப்பர்வைசர் பத்து வருஷமாக யாரையும் பார்த்துச் சிரித்தவரில்லை, இவரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தாடை பிடித்துக்கொண்டு ஒரு நாள் லீவு போட்டார். எல்லாரும் சார் என்றார்கள். அவர் உள்ளே வந்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும், நின்ற பேச்சுக்குப் பதிலாக எல்லாரும் வேலையைப் பற்றிப் பக்தியோடு பேசுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சு காலியாகிவிடும். எட்டு பேர் உட்காரும் பெஞ்சில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்.

பூதக்கண்ணாடி தூர இருந்து கவனித்தபடி நாள் எண்ணினார். அந்த மேனேஜர் இரண்டு நாள்தான் தாக்குப் பிடித்தார். இந்த ஆள் ஒரு வாரம் இருந்தார். அப்புறம் இரண்டு வாரம். பாய்லர் பக்கத்துச் சூட்டில் மனுஷர் வெந்து உருகி, சட்டை பிழியப் பிழிய நின்றார். போகிற வழியாக இல்லை. இது எந்த ஊர் இன்ஸ்பெக்‌ஷன் என்று இவருக்குத் தூக்கம் கெட்டது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் பாதிரியாரைப் பிடித்துக்கொண்டார். ஒரு சந்தேகம் என்றார். ஒன்றுதானா என்று கேட்டார் பாதிரியார். இவர் மேனேஜர் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி, மேலே இருப்பவர் வேஷம் போட்டுக் கீழே வந்தால் அதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று மடக்கினார்.

"உங்க மேனேஜர் எத்தனை நாள் மூட்டை தூக்கினாரு?"

"ரெண்டு நாள், ஃபாதர்."

"நம்ம ஆண்டவரு முப்பது வயசு வரைக்கும் இருந்த இடம் தெரியாம இருந்தாருங்க. தச்சு வேலை. ஆள் புடிக்க வந்தவரு அத்தனை வருஷம் மரம் இழைச்சுட்டு இருப்பாரா?"

பூதக்கண்ணாடிக்கு இது உறைத்தது. வேவு பார்க்க வந்தவன் மேஜைக்கும் நாற்காலிக்கும் கால் பூட்டிக்கொண்டு அவ்வளவு காலம் இருக்க மாட்டான்தான். ஆனாலும் விடவில்லை.

"முதுகு வலிச்சிருக்குமா அவருக்கு?"

"வலிச்சிருக்கும்."

"நிஜமாவா, இல்ல வலிக்கற மாதிரி இருந்தாரா?"

"நிஜமா. பசி, தூக்கம், வலி எல்லாம் நிஜம். வேஷம் இல்ல, பொறப்பு. நாங்க சொல்றதே அதுதான்."

"நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களா?"

பாதிரியார் சிரித்துவிட்டு, இல்லை, நம்புகிறேன் என்றார். இந்த வார்த்தைதான் பூதக்கண்ணாடிக்கு ஆகாது. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் போன பிறகு, புதுசு நேராக இவர் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு விரிப்பு. காலையில் இவர் வலது பக்கம் போட்ட விரிப்பு.

"இதுல டீக் கறை இருக்குங்க" என்றார் மெதுவாக. "நடுவுல. தட்டு அகலத்துக்கு."

பூதக்கண்ணாடி கையை நீட்டி நடுவில் தடவிப் பார்த்தார், விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவ்வளவுதான், வந்த காரியம் முடிந்தது, நாளைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவான் என்று நினைத்தார். இருபத்திரண்டு வருஷம் கண்முன் ஓடியது, அதுவும் மங்கலாகத்தான் ஓடியது. இனி மறைத்து என்ன செய்ய என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இடது கண், வலது கண், டாக்டர், விரல், ரத்தம், எண்ணெய், துரு, மனைவியின் ஜெபம் முதற்கொண்டு.

"சார், முதலாளிகிட்ட சொல்றதுன்னா சொல்லிக்கோங்க. ஆனா வேணும்னு கறையை விட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. என் கையால ஆன மட்டும் பாத்தேன்."

அந்த ஆள் விரிப்பை மேஜையில் வைத்தார்.

"முதலாளியா? நான் அவரைப் பாத்ததுகூட இல்லீங்க. துவைச்சது நான். சரியா துவைக்கலையோ, நீங்க பாத்தும் பாவம்னு விட்டுட்டீங்களோன்னு கேக்க வந்தேன்." அப்புறம் விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டே கேட்டார். "ஏங்க, நான் இங்க என்ன தப்பு பண்ணிட்டேன்? மூணு வாரமா ஒரு மனுஷன் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடல. எல்லாரும் சார்ங்கறீங்க. என் பொண்டாட்டிகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல."

பூதக்கண்ணாடி விட்டுவிடுவாரா, விசாரணையை நடத்தித்தான் முடித்தார். உள்ளங்கை? பேக்கரியில் இருபது வருஷம் மாவு பிசைந்த கை, பேக்கரி மூடி ஒரு வருஷமாகிறது. பூட்ஸ்? மச்சான் போட்டுப் பழசானது. நன்றி? ஒரு வருஷம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு வேலை செய்கிற இடத்தில் டீ கொடுத்தால் நன்றி சொல்லாமல் என்ன செய்வான். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பதில் எல்லாம் இவ்வளவு சரியாக இருப்பதே சந்தேகமாக இருந்தது. இருந்தாலும் இவர் ஒரு காரியம் செய்தார். தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவரோடு சாப்பாட்டு அறைக்குப் போய், அந்தக் காலி பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அறையில் எல்லாத் தலையும் திரும்பியது. இவர் எழுந்து நின்று, இந்த ஆள் நம்மை மாதிரி சாதாரண ஆள்தான், நான் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை. பூதக்கண்ணாடியையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று இஸ்திரிக்காரம்மா முடிவு கட்டிவிட்டாள். மனுஷனைப் பெரிய ஆளாக்க அரை நாள் போதும், பெரிய ஆளை மறுபடி மனுஷனாக்குவது லேசில் முடியாது என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

சாப்பிட்டு முடிக்கும்போது புதுசுதான் சொன்னார், ஒரு மாதம் லீவு போட்டுக் கண்ணைப் பாருங்கள், மேஜையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

"உக்காந்தா எந்திரிப்பியாய்யா நீ?" சார் போய் மரியாதையும் போய்விட்டது. அதைக் கேட்டதும் அந்த ஆள் முகம் மூன்று வாரத்தில் முதல் தடவையாகத் தெளிந்தது.

"எந்திரிப்பேன்."

"எப்படி நம்பறது?"

"தெரியலீங்க" என்றார் புதுசு. அவருக்கும் உண்மையிலேயே தெரியவில்லை.

பூதக்கண்ணாடி கையைக் கழுவிக்கொண்டு, மனம் மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்று சூப்பர்வைசர் அறைக்குப் போனார். கண்ணைப் பற்றிச் சொன்னார். ஒரு மாதத்துக்குப் புதுசு மேஜையில் நிற்பார் என்றார். சூப்பர்வைசருக்கு முகம் கறுத்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று ஆரம்பித்தவர், வாசலில் நிற்கும் புதுசைப் பார்த்ததும் தாடை பிடிக்கிற அளவுக்குச் சிரித்து, சார் பார்த்துச் செய்தால் சரிதான் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். நான் சாரே இல்லை என்று புதுசு சொல்லச் சொல்ல, ஆமாம் சார், தெரியும் சார் என்று கண்ணடித்தார். லீவு கிடைத்துவிட்டது. மேஜை திரும்பக் கிடைக்குமா என்பது மட்டும் அந்தப் புதுசின் வாய்வார்த்தையில் தொங்கியது.

சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் பூதக்கண்ணாடி மேஜையை ஒப்படைத்தார். விளக்கு எங்கே, இடது எது, வலது எது எல்லாம் சொல்லியாயிற்று.

"நீங்க விரலால பாத்தீங்களே, அதையும் சொல்லுங்க" என்றார் புதுசு.

"உனக்குத்தான் கண்ணு நல்லா இருக்கே. உனக்கு எதுக்கு?"

"நீங்க பாத்த மாதிரியே பாத்துக் கத்துக்கறேன்."

புதுசு கண்ணை மூடிக்கொண்டு விரிப்பின்மேல் கையை வைத்தார். பிசைந்து பழகிய கை, துணியைத் தடவத் தெரியாமல் அழுத்தியது. எண்ணெய் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போயிற்று. துருவைத் தொட்டுவிட்டு ரத்தம் என்றது. ஒவ்வொன்றும் தப்பு. பூதக்கண்ணாடி பொறுமையாக அந்த விரல்களைப் பிடித்து இங்கே, இங்கே என்று வைத்தார். நாலாவது விரிப்பில் அந்த ஆள் சரியாக எண்ணெய் என்றார். உடனே இவருக்குச் சுருக்கென்றது. ஓரக்கண்ணால் பார்த்துச் சொல்கிறானோ?

"கண்ணை மூடித்தான் இருக்கியா?"

"மூடித்தான் இருக்கேன்."

இவர் குனிந்து முகத்துக்கு நேரே உற்றுப் பார்த்தார். இந்தக் கண்ணுக்கு அது ஒரு வெளுத்த வட்டமாகத்தான் தெரிந்தது. அதனால் கையை நீட்டி, சுண்டு விரலால் அந்த ஆளின் இமையைத் தொட்டுப் பார்த்தார். முதலில் இடது, பிறகு வலது. இரண்டும் இறுக மூடியிருந்தன. உள்ளே விழி லேசாகத் துடித்தது. அந்த ஆள் நகரவில்லை.

"சரி" என்றார் பூதக்கண்ணாடி. அடுத்த விரிப்பை எடுத்து அவர் கைக்கடியில் விரித்தார்.