தம்பி மகள் லூசியா

மொசாம்பிக்கில் தம்பி ஜெயகணேஷும் அவன் மனைவியும் லாரி மோதி இறந்துபோன செய்தி வந்தபோது சண்முகவடிவு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கணவர் வீரபாகு போனைக் கையில் பிடித்தபடி அடுப்படி நிலையில் நின்று சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தாள். உடலைக் கொண்டுவர வழியில்லை, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். துஷ்டி கேட்க வந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டிப்பிடித்து அழவும் முடியாமல், சற்றுநேரம் உட்கார்ந்திருந்து எழுந்து போனார்கள்.

ஜெயகணேஷை வளர்த்ததே அவள்தான். அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயது, இவளுக்குப் பதினைந்து. தூத்துக்குடி முந்திரிக் கம்பெனி ஒன்றுக்குக் கொட்டை வாங்கிக் கப்பலேற்றப் போனவன், போன இடத்திலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான்.

தை மாதம் அவன் மகள் லூசியா வந்தாள். ஆறு வயது. அவளை வைத்திருந்த பெரியம்மா டெல்ஃபினாவுக்கு ஆபரேஷன். அவள் தேறி எழும்வரை பிள்ளை இங்கே இருக்கட்டும் என்று ஏற்பாடு. கம்பெனி வேலையாக அங்கும் இங்கும் போய்வரும் புன்னைக்காயல் ஆன்டனிதான் கூட்டிவந்து விட்டார்.

"போர்த்துகீசு மட்டுந்தான் வரும் அக்கா. ஏதும் வேணும்னா எனக்கு ஒரு போன் போடுங்க."

பிள்ளை அழவில்லை. சோறு வைத்தால் தின்றது, குளிப்பாட்டினால் நின்றது. வடிவும் அப்படித்தான் இருந்தாள். சுருட்டை முடிக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். காது இரண்டும் தம்பியின் காது அச்சு. அதைப் பார்த்தால் உள்ளே ஏதாவது அசையும் என்று காத்திருந்தாள். ஒன்றும் அசையவில்லை. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி மரத்துக் கிடந்தது நெஞ்சு.

ஒருநாள் லூசியா ஜன்னலைக் காட்டி "ஜனேலா" என்றாள். மேசையைத் தொட்டு "மேசா" என்றாள். வீரபாகு அடுப்படிக்கு ஓடிவந்தார். "ஏளா, பிள்ளை தமிழ் பேசுதா."

"சரி," என்றாள் வடிவு.

பங்குனியில் பிள்ளைக்கு அம்மை போட்டது. காய்ச்சல் அனத்தலில் "மாமா, மாமா" என்றது. வீரபாகு இரும்புக்கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் வீசினார். "மாமா இங்கனதான் இருக்கேன் தாயி." தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று விசாரிக்க வந்த ஆன்டனியிடம் அதைப் பெருமையாகச் சொன்னார். ஆன்டனி தரையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அவங்க பாஷையில மாமான்னா அம்மா."

வீரபாகு பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினார். வடிவு ஆன்டனி குடித்த தம்ளரை எடுத்து விளக்கி வைத்தாள்.

ஆவணியில் டெல்ஃபினா வீடியோவில் கூப்பிட்டாள். ஆள் பாதியாகியிருந்தாள், ஆனால் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏழு மாதமாக அழாத லூசியா போனை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். வடிவு கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஆன்டனி வந்தார். "பிள்ளைக்கு இங்கன பழகிட்டுன்னா நீங்களே வச்சு வளருங்க, இல்லன்னா அனுப்பி வைங்கன்னு அந்தம்மா சொல்லுதாங்க."

"நாமளே வச்சுக்கிடுவோம்," என்றார் வீரபாகு. "நம்ம ஐஸ்வர்யாவையும் கட்டிக்குடுத்தாச்சு. வீடு சும்மாதான கிடக்கு."

"வேண்டாம். அனுப்பிருவோம்."

"ஏளா, உனக்குப் பிள்ளை மேல பாசம் இல்லையா?"

"தெரியல," என்றாள் வடிவு. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. "அங்கன அது கூட உக்காந்து அழுவதுக்கு ஆள் இருக்கு. இங்கன சோறு போடத்தான் ஆள் இருக்கு."

வீரபாகு ஆன்டனியிடம் டிக்கெட் போடச் சொன்னார்.

வாகைக்குளம் விமான நிலைய வாசலில் ஆன்டனியின் கையை விட்டுவிட்டுத் திரும்பி வந்த லூசியா, வடிவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். வடிவு அவள் தலையில் கை வைத்தாள். பிறகு பிள்ளை போய்விட்டது.

ஞாயிறுதோறும் போன் வந்தது. பேச்சு புரியாவிட்டாலும் வடிவு கடைசிவரை கேட்பாள். மறு தையில் ஒரு ஞாயிறு, லூசியா முன்பல் விழுந்த வாயைக் காட்டினாள். ஜெயகணேஷுக்கு முதல் பல் விழுந்தபோது சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தது வடிவுதான். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அது ஞாபகம் வந்தது. ஆன்டனியிடம் சொல்லி அதைப் பிள்ளைக்குச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி, அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.